ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு...

காலை முதல் பீரியடுக்கு முன்னால் ஏதாவது ஒரு கல்லூரி கேண்டீன். ஒருவன் கைப்பேசியில் செய்தியைச் சத்தமாகப் படிக்கிறான். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவரிடம் போலீஸ் என்று பேசி நாற்பது லட்சத்தைச் சுருட்டிவிட்டார்களாம்.

"பேங்க்ல வேலை பார்த்த ஆளுடா! இவரே ஏமாந்திருக்காரு பாரேன்!"

"ஏதோ தப்பு பண்ணியிருப்பாரு மச்சான், அதான் பயந்துட்டாரு."

"எங்க வீட்டுக்கு ஒரு நாள் பண்ணச் சொல்லு, நான் பேசிக்கிறேன்..."

டீ ஆறுவதற்குள் சிரிப்பு முடிந்துவிடும். மணி அடித்ததும் எல்லோரும் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்புக்குப் போய்விடுவார்கள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்றுதான் தோன்றும்.

நஷ்டம் இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கட்டுபவர் சிரித்தவர் அல்ல, அவ்வளவுதான். திருடன் காசு போடாமல் சம்பாதிக்கிற முதல் மூலதனமே அந்தச் சிரிப்புதான். எப்படி என்று பார்க்க வேண்டுமானால், முதலில் அந்த அழைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சல்லடை

மதியம் பதினொன்றரை மணி. வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கிறார். தொலைபேசி ஒலிக்கிறது. எடுத்தால் மனிதக் குரல் இல்லை. பதிவு செய்த ஒரு பெண் குரல். "தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும். மேலும் விவரங்களுக்கு எண் 9-ஐ அழுத்தவும்."

இது முட்டாள்தனமான அழைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இது மிகவும் கெட்டிக்காரத்தனமான அழைப்பு. இயந்திரம் பேசுவதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு கணினி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான எண்களைச் சுழற்றும். பெரும்பாலானோர் துண்டித்துவிடுவார்கள். அதைப் பற்றி திருடனுக்குக் கவலையே இல்லை. 9-ஐ அழுத்துகிறவர்தான் அவனுக்கு வேண்டும். அதாவது அந்தக் குரல் ஒரு சல்லடை. பயப்படுகிறவர் யார் என்று சலித்து எடுத்துக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் சம்பளம் வாங்குகிற மனிதன் லைனுக்கு வருவான்.

பயப்படுகிறவர் என்றால் அறிவில்லாதவர் என்று பொருளா? அன்றைக்கு யாருக்கு அந்தக் கதை பொருந்துகிறது என்பது வெறும் தற்செயல். நேற்றுதான் மகனுக்கு வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பியவருக்கு "உங்கள் பார்சலில் போதைப்பொருள்" என்ற அழைப்பு வந்தால்? புது சிம் வாங்கிய வாரத்திலேயே "உங்கள் ஆதாரில் இன்னொரு சிம் வாங்கியிருக்கிறார்கள்" என்றால்? லட்சம் பேருக்கு ஒரே கதையைச் சொன்னால் யாரோ ஒருவருக்கு அது பொருந்தாமல் போகுமா?

அதன் பிறகு நடப்பது நாடகம். "மும்பை போலீஸ்" வருவார். அவர் "சி.பி.ஐ. அதிகாரி"க்கு மாற்றுவார். வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேசையில் கோப்புகள். முக்கியமான வசனம் ஒன்று உண்டு: "கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் குற்றவாளி." மோசடியின் உயிர்நாடியே இந்த வசனம்தான். பக்கத்து அறையில் இருக்கும் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாடகம் கலைந்துவிடும். அதனால்தான் முதலில் ஆளைத் தனிமைப்படுத்துகிறார்கள். பணம் கேட்பது அதற்கு அப்புறம்தான்.

இதற்கு "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று பெயர். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2024 ஆகஸ்டில், வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால் இதே வலையில் 7 கோடி ரூபாயை இழந்திருந்தார். பத்மபூஷண் பெற்றவர், பெரிய தொழில் குழுமத்தையே நடத்தியவர். அவருக்குப் போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதி வேடத்தில் கூட ஒரு ஆள்! பிசினஸ் மேனேஜ்மெண்ட் பேப்பரில் அரியர் வைத்துக்கொண்டு "நானெல்லாம் ஏமாற மாட்டேன்" என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஓஸ்வால் ஒரு காரியம் செய்தார். மறைக்கவில்லை. புகார் கொடுத்தார், வெளியிலும் பேசினார். 5 கோடி ரூபாய்க்கு மேல் போலீஸ் மீட்டுக் கொடுத்தது.

வெட்கம் வாங்கித் தரும் நேரம்

சிரிப்பின் விலை இங்கேதான் தெரியும்.

மோசடிப் பணம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. முதல் கணக்கிலிருந்து நாலு கணக்கு, அங்கிருந்து நாற்பது கணக்கு, கடைசியில் ஏ.டி.எம். அல்லது கிரிப்டோ. இந்த ஓட்டம் முடிவதற்குள் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்துவிட்டால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்க முடியும். 2021-ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் மூலம் 5,489 கோடி ரூபாய்க்கு மேல் பறிபோகாமல் தடுக்கப்பட்டதாக 2025 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆக, வழி இருக்கிறது. ஆனால் அது மணிக்கணக்கில் திறந்திருக்கிற வழி, மாதக்கணக்கில் அல்ல.

ஏமாந்தவர் என்ன செய்கிறார்? முதலில் தலையில் கை வைத்து உட்காருகிறார். பிறகு யோசிக்கிறார். "பையனுக்குத் தெரிந்தால் என்ன சொல்வான்? மருமகள் என்ன நினைப்பாள்? ஆபீஸில் சிரிப்பார்களே..." ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை தைரியம் வந்து வங்கிக்குப் போகிறார். பணம் சனிக்கிழமை இரவே நாட்டைத் தாண்டிவிட்டது.

அந்த இரண்டு நாளை திருடனுக்கு வாங்கிக் கொடுத்தது யார்? ஏமாந்தவரின் வெட்கம். வெட்கத்தைக் கொடுத்தது யார்? கேண்டீனில் சிரித்த வாய்கள். வீட்டில் "உனக்கு எதுக்கு இந்த ஸ்மார்ட் போன்?" என்று திட்டுகிற பிள்ளைகள். "படிச்சிருக்கீங்க, அறிவில்லையா?" என்று கேட்கிற வங்கி கவுண்டர். "ஓ.டி.பி.யை ஏன் சார் சொன்னீங்க?" என்று நாலு தடவை கேட்கிற காவல் நிலையம். வீட்டில் திருட்டுப் போனால் "பூட்டு வாங்கத் தெரியாதா" என்று யாராவது சிரிக்கிறார்களா? தொலைபேசியில் திருட்டுப் போனால் மட்டும் ஏன் இந்தக் கேலி?

நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குப்படி 2023-ல் சைபர் மோசடிகளில் பறிபோன தொகை 7,465 கோடி ரூபாய். 2024-ல் 22,845 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. ஒரே வருடத்தில் நாட்டில் முட்டாள்கள் மூன்று மடங்கு ஆகிவிட்டார்களா என்ன? அப்படி ஆகவில்லை என்றால் காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது. இதில் வெட்கப்பட்டு வாய் திறக்காதவர்களின் கணக்கு சேரவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

'ஜாக்கிரதை' என்ற கைகழுவல்

சிரிப்பவர்களாவது பரவாயில்லை. அதே சிரிப்பைப் பண்பாக உடுத்திக்கொண்டு வருவதுதான் "ஜாக்கிரதையாக இருங்கள்" பிரசாரம். வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். ஏ.டி.எம். சுவரில் போஸ்டர். கொஞ்ச காலம் யாருக்குப் போன் செய்தாலும் மணி அடிப்பதற்கு முன்னால் எச்சரிக்கைக் குரல் வேறு. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிடுகிறவரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது!

எச்சரிக்கை தவறில்லை. ஆனால் எச்சரிக்கை மட்டும் போதும் என்று சொல்வது, பொறுப்பு முழுவதையும் தொலைபேசியை எடுத்த எழுபது வயதுக்காரரின் தலையில் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வது. மேலிருப்பவர்கள் ஒரு சுவிட்சைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டே உதாரணம்.

ஒன்று. வெளிநாட்டிலிருந்து பேசிக்கொண்டே இந்திய எண்ணைக் காட்டுகிற போலி அழைப்புகள். அதைத் தடுக்கும் அமைப்பை மத்திய அரசு 2024 அக்டோபர் 22 அன்று தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் போலி என்று பிடிபட்டு நிறுத்தப்பட்டன. ஒரே நாளில்! அதுவரை அந்தக் கோடிகள் எல்லாம் யார் வீட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தன?

இரண்டு. யு.பி.ஐ.யில் 'பணம் அனுப்புங்கள்' என்று கேட்கிற கலெக்ட் வசதி. "பணம் வரும், பின் நம்பரைப் போடுங்கள்" என்று சொல்லி வருடக்கணக்கில் இதை வைத்து ஏமாற்றினார்கள். "பணம் வாங்க பின் தேவையில்லை" என்று வருடக்கணக்கில் போஸ்டரும் ஒட்டினார்கள். 2025 அக்டோபர் 1 முதல் நபருக்கு நபர் கேட்கும் அந்த வசதியே நிறுத்தப்பட்டது. ஆயிரம் போஸ்டர் செய்யாததை ஒரு சுவிட்ச் செய்தது. இத்தனை நாளும் சுவிட்ச் யார் கையில் இருந்தது? ஏமாந்தவர் கையிலா?

விளம்பர அழைப்புகளும் இதே கதைதான். 2007-ல் 'அழைக்காதே' பதிவேடு வந்தது. 2010-ல் புது விதிகள், 2018-ல் மறுபடியும் புது விதிகள், 2025 பிப்ரவரியில் அவற்றுக்குத் திருத்தம். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. "வேண்டாம்" என்று பதிவு செய்யாதவரெல்லாம் "வேண்டும்" என்று சொன்னதாகத்தான் அர்த்தம். பதிவு செய்தாலும் தடுக்கப்படுவது முறையாகப் பதிவு பெற்ற விற்பனைக்காரர்கள்தான். சாதாரணப் பத்து இலக்க எண்ணில் கடன் வேண்டுமா என்று தினம் மூன்று தடவை கூப்பிடுகிறவரை, தொந்தரவு பட்டவரே புகார் எழுதிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். 'அழைக்காதே' என்று போர்டு மாட்டினால் திருடன் படித்துவிட்டுத் திரும்பிப் போவானா?

ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் அடிப்படைப் பாடம் என்ன? இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு உண்டு. காமர்ஸ் படிக்கிற ஒவ்வொருவருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இது தெரியும்.

அப்படியென்றால் ஏமாந்தவரின் கணக்கில் நாற்பது லட்சம் பற்று விழுந்த அதே நொடியில் வேறு ஒரு வங்கிக் கணக்கில் நாற்பது லட்சம் வரவு விழுந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கு ஆகாயத்தில் இல்லை. ஆதார் கொடுத்து, பான் கொடுத்து, போட்டோ ஒட்டி, ஒரு வங்கி சரிபார்த்துத் திறந்த கணக்கு. மாதம் மூவாயிரம் புழங்கிய கணக்கில் திடீரென்று நாற்பது லட்சம் வந்து பத்து நிமிடத்தில் காலியாகிறது. இதை வங்கி பார்க்கவில்லையா? செய்தி எல்லாமே பற்றுப் பக்கத்தைத்தான் பேசுகிறது. வரவுப் பக்கத்தைப் பற்றிப் பேசுபவர் குறைவு.

அந்த வரவுப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் வாடகைக் கணக்கு. 'மியூல் அக்கவுண்ட்' என்பார்கள். அதாவது பொதி சுமக்கிற கழுதை. யாருடைய கணக்கு? கல்லூரி மாணவனுடையது. வேலை தேடுகிறவனுடையது. "ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணி, ஏ.டி.எம். கார்டும் சிம்மும் குடுத்துடு மச்சான், கையில அஞ்சாயிரம் வரும். கேமிங் கம்பெனி பணம்தான், ஒண்ணும் ஆகாது..." இந்தப் பேச்சை விடுதியில் கேட்காதவர் கையைத் தூக்கலாம்.

ஆக, கேண்டீனில் சிரித்த கூட்டத்திலேயே அந்த நாற்பது லட்சத்தின் வரவுப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம்! போலீஸ் முதலில் வந்து நிற்பதும் அந்த வாசலில்தான். அஞ்சாயிரத்துக்குக் கணக்கைக் கொடுத்தவன் மோசடி வழக்கில் குற்றவாளி ஆகிறான். அவன் கணக்கு முடக்கப்படும். அதோடு கல்விக் கடனும் வேலையும் சிக்கலாகும். அழைத்தவனை அவன் பார்த்தது கூட இல்லை.

அழைக்கிறவர்களின் கதையும் எளிதானதல்ல. 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட தமிழகத்தைச் சேர்ந்த 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப் போய், எல்லை தாண்டிக் கடத்தி, மோசடி வேலையில் உட்கார வைத்திருந்தார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயத்தில் வைக்கப்பட்டிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. பட்டம் வாங்கியவுடன் "பாங்காக்கில் வேலை, ஆங்கிலம் தெரிந்தால் போதும்" என்று வரும் விளம்பரத்தின் மறுமுனை இதுவாகவும் இருக்கலாம்.

"அவரேதானே பட்டனை அழுத்தினார்?"

வங்கிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. வாடிக்கையாளரே பின் போட்டு, அவரே அனுப்பினார். வங்கி ஏன் பணம் தர வேண்டும்? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையும் கிட்டத்தட்ட இதே கோட்டைத்தான் போட்டது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு கிடையாது. ரகசிய விவரத்தை அவரே கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவருடையது.

இன்னொன்றும் சொல்வார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஜனங்கள் அலட்சியமாகிவிடுவார்களாம். காமர்ஸ் மாணவர்கள் பரீட்சையில் எழுதுகிற 'மாரல் ஹசார்ட்' வாதம். சரி, அதை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். மோசடி நடந்தால் வங்கிக்கு ஒரு ரூபாய் கூட நஷ்டம் இல்லை என்றால், வாடகைக் கணக்குகளைப் பிடிக்க வங்கி ஏன் செலவு செய்ய வேண்டும்? நஷ்டமே வராதவர்தானே அலட்சியமாக இருப்பார்? வாழ்நாள் சேமிப்பை இழந்தவர் இனிமேல் எப்படி அலட்சியமாக இருப்பார்?

பிரிட்டன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு உள்நாட்டிலேயே தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். ஐந்து வேலை நாட்களுக்குள் என்பது பொது விதி. படுமோசமான கவனக்குறைவுக்கு விலக்கு உண்டு. ஆனால் சாமர்த்தியம் இதில் இல்லை. அந்தத் தொகையில் பாதியைப் பணம் அனுப்பிய வங்கி தர வேண்டும், மீதிப் பாதியைப் பணத்தை வரவு வைத்த வங்கி தர வேண்டும். இரட்டைப் பதிவு என்றால் இதுதான் இரட்டைப் பதிவு! சிங்கப்பூர் 2024 டிசம்பர் 16 முதல் ஃபிஷிங் மோசடிகளில் வங்கிகளோடு தொலைபேசி நிறுவனங்களையும் பொறுப்பில் சேர்த்தது. கடமையில் தவறிய நிறுவனம் நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும்.

இங்கேயும் காற்று அந்தப் பக்கம் திரும்பாமல் இல்லை. 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது. வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் பற்றி ரிசர்வ் வங்கியிடமும் கேட்டது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்ட கேள்வி அது.

அதுவரைக்கும்...

வெள்ளம் வடியும் வரை படகு வேண்டும். எனவே சில காரியங்கள்.

1. தெரியாத அழைப்பில் எந்த எண்ணையும் அழுத்த வேண்டாம். "அழைப்பை நிறுத்த 2-ஐ அழுத்தவும்" என்றாலும் கூட. அழுத்தினால் சல்லடையில் சிக்கியாயிற்று.

2. போலீஸ், வங்கி, கூரியர் யார் பேசினாலும் துண்டித்துவிட்டு, கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணையோ உள்ளூர்க் காவல் நிலையத்தையோ திரும்ப அழைக்க வேண்டும். நிஜமான அதிகாரி இதற்குக் கோபிக்க மாட்டார். சேவை அழைப்புகளுக்கு 1600-ல் தொடங்கும் எண்ணையும், விளம்பரத்துக்கு 140-ல் தொடங்கும் எண்ணையும் பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. சாதாரணப் பத்து இலக்க எண்ணில் "பேங்க் மேனேஜர்" பேசினால் அங்கேயே சந்தேகப்படலாம்.

3. 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் அடித்து 1909-க்கு அனுப்பினால் விளம்பர அழைப்புகளாவது குறையும். வாட்ஸ்அப்பில் தெரியாதவர்களின் அழைப்பை மௌனமாக்கும் வசதி உண்டு. வீட்டில் உள்ள பெரியவர்களின் போனில் அதைப் போட்டுக் கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

4. பணம் போகவில்லை, ஆனால் சந்தேகமான அழைப்பு வந்தது என்றால் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் 1930. அதே நிமிடத்தில் வங்கிக்கும் போன். அழுவதெல்லாம் அதற்குப் பிறகு.

5. குரலையே போலி செய்யும் காலம் இது. "அம்மா, ஆக்சிடெண்ட் ஆயிடுச்சு, பணம் அனுப்பு" என்று மகன் குரலிலேயே பேச முடியும். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல் இருக்கட்டும்.

6. வங்கிக் கணக்கையும் சிம்மையும் யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது. உயிர் நண்பனுக்கும்தான்.

ஏழாவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு எண் போட வேண்டியதில்லை. இன்று ராத்திரி வீட்டுக்குப் போன் செய்யும்போது, சாப்பாடு, பரீட்சை எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளலாம்.

"அம்மா, என்னைக்காவது யாராவது ஏமாத்திப் பணத்தை எடுத்துட்டாங்கன்னா, எவ்வளவு போனாலும் பரவாயில்ல, உடனே எனக்குச் சொல்லு. நான் திட்ட மாட்டேன். சிரிக்க மாட்டேன்."

இதைச் சொல்லக் காசு செலவில்லை. ஆனால் வெட்கம் வாங்கித் தருகிற அந்த இரண்டு நாள் இனி திருடனுக்குக் கிடைக்காது.